ஞாயிற்றுக்கிழமை விருந்தில் யாருக்கும் பசியில்லை

தைவான் இயக்குநர் ஆங் லீயின் ‘ஈட் டிரிங்க் மேன் வுமன்’ (1994) படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நம்ம சினிமா வட்டத்தில் உடனே கட்சி பிரிந்துவிடும். பெரும்பான்மைக் கட்சி, “அப்பாவோட பாசத்தைச் சமையல் வழியா சொன்ன படம்ங்க” என்று உருகும். அதை மறுப்பவர்கள், “முதல் சில நிமிஷம் சாப்பாடு, மிச்சமெல்லாம் மெகா சீரியல்” என்று கொட்டாவி விடுவார்கள். கடைசி விருந்துக் காட்சியோடு கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. “மகளோட சிநேகிதியைப் போய்...” என்று ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

எனக்கு அதிகம் இடிப்பது அந்த உருகும் கட்சியோடுதான். ஏன் என்று சொல்ல முழுக் கதையையும் உடைக்க வேண்டும். படம் வந்து முப்பது வருஷமாகிவிட்டது, பார்க்காதவர்கள் மன்னிக்கவும்.

தைபே நகரம். சூ என்கிற பெரியவர், கிராண்ட் ஹோட்டலில் பேர்பெற்ற தலைமைச் சமையல்காரர். மனைவி இறந்து பல வருஷம். கல்யாணமாகாத மூன்று பெண்களும் அவரோடு அதே பழைய வீட்டில் இருக்கிறார்கள். மூத்தவள் ஜியா-ஜென் பள்ளியில் வேதியியல் டீச்சர். நடுவள் ஜியா-சியென் விமான நிறுவனத்தில் பெரிய அதிகாரி. கடைக்குட்டி ஜியா-நிங் வெண்டீஸ் பர்கர் கடையில் வேலை பார்க்கிறாள் (ஊருக்கே விருந்து சமைக்கிறவர் பெண், பர்கர் கடையில்! ஆங் லீ இதைச் சிரிக்காமல் சொல்லிவிட்டுப் போகிறார்). ஞாயிறு ராத்திரி எல்லோரும் மேஜைக்கு வந்தாக வேண்டும், அது வீட்டுச் சட்டம்.

அந்த முதல் காட்சியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உயிர் மீன் வெட்டுப்படுகிறது, கூண்டுக் கோழி பிடிபடுகிறது, மாவு தேய்த்து மடிப்பு மடிப்பாய்க் கொழுக்கட்டை போல் உருவாகிறது, ஆவி பறக்கிறது. வசனத்துக்குப் பெரிதாய் வேலையில்லை. கத்தி பலகையில் விழும் சத்தத்தை வைத்தே இந்த மனுஷன் யார் என்று புரியவைத்துவிடுகிறார்கள். அதுவரைக்கும் நானும் உருகும் கட்சிதான்.

ஆனால் அடுத்து மேஜையைப் பாருங்கள். ஒரு கல்யாண வீட்டுக்கே போதுமான சாப்பாடு இருக்கிறது. சாப்பிட வந்த மூன்று பேர் முகத்திலும் ஆபீஸ் மீட்டிங்குக்கு வந்த களை. கொறிக்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நடுவள் சூப்பை ஒரு வாய் வைத்துவிட்டு அதிலிருக்கும் ஹாம் பற்றிக் குறை சொல்கிறாள், அப்பா முகம் சுருங்குகிறது. யாராவது ஒருத்தர் “ஒரு விஷயம் சொல்லணும்” என்று ஆரம்பித்ததும் இருந்த கொஞ்சநஞ்சப் பசியும் போய்விடுகிறது. படம் முழுக்க அந்த மேஜையில் யாராவது வயிறாரச் சாப்பிட்டார்களா? நான் தேடிப் பார்த்துவிட்டேன். பேசத் தெரியாத ஒருவர், தான் பேசாததை மறைக்க இத்தனை பதார்த்தங்களை அடுக்குகிறார். அதைப் பாசம் என்று சொன்னால், அந்தப் பெண்கள் ஏன் ஒவ்வொருவராய் அந்த வீட்டைவிட்டுத் தப்பிக்கப் பார்க்கிறார்கள்?

சாப்பாடு சந்தோஷமாய் உள்ளே போவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, நடுவள் தன் பழைய காதலன் வீட்டுக்குப் போய்ச் சமைக்கும்போது. அப்பாவின் கை அவளுக்கு அப்படியே வந்திருக்கிறது. ஆனால் சொந்த வீட்டில் அவளுக்குக் கரண்டி பிடிக்க அனுமதியில்லை. சின்ன வயதில் அப்பாவோடு அடுப்படியிலேயே கிடந்தவள், மாவிலே வளையல் செய்து போட்டுக்கொண்டு திரிந்தவள். படிக்கிற பிள்ளை இங்கே நின்று வீணாகக் கூடாது என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். அவள் படித்து, பெரிய வேலைக்குப் போய், கை நிறையச் சம்பாதிக்கிறாள். நல்லதுக்குத்தானே என்று கேட்பீர்கள். நல்லதுக்குத்தான். ஆனால் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னைப் பொறுத்தவரை படத்தின் நடு நரம்பு இந்தப் பெண்தான்.

இன்னொன்று பள்ளிக்கூடம். பக்கத்தில் வசிக்கும் ஜின்-ராங் மூத்தவளின் சிநேகிதி, விவாகரத்து வழக்கில் அலைந்துகொண்டிருப்பவள். அவளுடைய சின்னப் பெண் ஷான்-ஷானுக்குப் பெரியவர் தினமும் மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறார். வகுப்பே மொய்க்கிறது, நாளைக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று பிள்ளைகள் ஆர்டர் கொடுக்கிறார்கள். மனுஷன் முகத்தில் அப்போதுதான் வெளிச்சம். அந்தப் பெண்ணுக்கு அம்மா கட்டிக்கொடுத்த டப்பா இருக்கிறதே, ஜின்-ராங்குக்குச் சமையல் சுத்தமாய் வராது, அதை இவர் வாங்கித் தானே சாப்பிட்டுவிடுகிறார். சூவுக்கு நாக்கில் ருசியே போய்விட்டது என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஹோட்டலில் கூட்டாளி வென் ருசிபார்க்க, அந்த ஆள் முகத்தைப் பார்த்துத்தான் உப்பு, காரம் சரியா என்று தெரிந்துகொள்கிறவர் அவர். அப்படிப்பட்டவர் வேறொரு வீட்டின் சுமாரான சாப்பாட்டை மிச்சம் வைக்காமல் தின்கிறார். காதல் கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது. நாம்தான் அதைத் தாத்தா பாசம் என்று நினைத்துக்கொள்கிறோம்.

மெகா சீரியல் கட்சிக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறேன். கடைக்குட்டி கதை அவசரம். சிநேகிதியின் காதலனோடு பழகி, கர்ப்பமாகி, ஒரு ஞாயிறு அறிவித்துவிட்டுப் பெட்டியோடு கிளம்பிவிடுகிறாள். அவளை இயக்குநருக்கே முழுசாகத் தெரியாது போல. மூத்தவள் கதை அப்படியில்லை. கல்லூரியில் ஒருவன் ஏமாற்றிவிட்டான் என்று வருஷக்கணக்காய்த் துக்கம் காத்தவள். கடைசியில் பார்த்தால் அப்படியொரு காதலே நடக்கவில்லை, அவன் பழகியது ஜின்-ராங்கோடு. ஒரு பொய்யை வேலியாய்க் கட்டிக்கொண்டு உள்ளே வாழ்ந்திருக்கிறாள். இதை ‘சீரியல்’ என்று தள்ளுகிறவர்கள் எந்தச் சீரியல் பார்க்கிறார்கள் என்று சொன்னால் நானும் பார்ப்பேன்.

“வெள்ளைக்காரனுக்குக் காட்டச் சமைத்த படம்” என்றொரு விமர்சனமும் உண்டு. ஆஸ்கரில் சிறந்த அயல்மொழிப் படத்துக்குப் பரிந்துரை ஆனது, 2001-ல் லாஸ் ஏஞ்சலீஸ் மெக்சிகன் குடும்பக் கதையாக ‘டார்ட்டியா சூப்’ என்று ரீமேக் ஆனது. அதெல்லாம் சரி. ஆனால் சூ ஒரு இடத்தில் புலம்புவது தைவான்காரருக்கு மட்டுமே முழுசாய்ப் புரியும் புலம்பல். 1949-ல் சீனாவின் பல மாகாணங்களிலிருந்து ஜனங்கள் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தார்கள், அவரவர் சமையலும் கூடவே வந்தது. நாற்பது வருஷத்தில் எல்லாம் ஆறுகள் கடலில் கலந்த மாதிரி கலந்து ஒரே ருசியாகிவிட்டது என்கிறார். ருசி போனது அவர் நாக்குக்கு மட்டுமா என்று அந்த வசனம் சந்தேகப்பட வைக்கிறது. சுற்றுலாப் பயணிக்கு எழுதிய வசனமாய் எனக்குத் தெரியவில்லை. (நம்ம பாண்டிச்சேரிக்கு வந்து ‘லைஃப் ஆஃப் பை’ எடுத்தாரே, அவரேதான். அதில் எனக்கு இந்தப் புகார் கொஞ்சம் உண்டு. அது வேறு சண்டை.)

இனி அந்தக் கடைசி விருந்து. ஜின்-ராங்கின் அம்மா லியாங், அமெரிக்காவிலிருந்து திரும்பியவர், ஓயாத பேச்சு, ஓயாத சிகரெட். பெரியவர் தன்னைத்தான் கேட்கப்போகிறார் என்று அலங்கரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். சூ நாலு கோப்பை ஊற்றிக்கொண்டு அவருடைய மகள் ஜின்-ராங்கைப் பெண் கேட்கிறார். அந்த அம்மா மயங்கி விழுகிறார்.

வயது வித்தியாசம் எனக்குப் பிரச்சினையில்லை. ஜின்-ராங் சின்னப் பெண்ணல்ல, விவாகரத்தும் குழந்தையுமாய் வாழ்க்கையைப் பார்த்தவள், தெரிந்தே சம்மதிக்கிறாள். பெண்கள் மூவரும் நினைத்தபடி வாழக் கிளம்பும்போது அப்பா மட்டும் நினைவஞ்சலி போட்டோ மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டுமா? கடைசியில் நடுவள் சமைத்த சூப்பைக் குடித்துவிட்டு, இஞ்சி அதிகம் என்று அவளோடு சண்டை பிடிக்கிறாரே, அப்போதுதான் நாக்கு திரும்பிவிட்டது என்று அவருக்கே உறைக்கிறது. அவர் சமைப்பதை விட்டு, மகள் சமைத்ததைச் சாப்பிட்ட நாளில் அது நடக்கிறது. உருகும் கட்சி இந்த ஒன்றையாவது கவனிக்க வேண்டும்.

என் கோபமெல்லாம் லியாங் அம்மாவை நடத்திய விதத்தில்தான். கதையின் அதிர்ச்சி வேலை செய்ய ஒரு பலியாடு தேவைப்பட்டது, அதற்கு அவரைக் கோமாளியாக்கிவிட்டார்கள். இதில் ஒரு தந்திரம் வேறு. சூவாக நடித்த சிஹங் லங்கும் லியாங்காக நடித்த குவா ஆ-லேயும், ஒரு வருஷம் முந்தி வந்த ஆங் லீயின் ‘தி வெட்டிங் பேங்க்வட்’டில் கணவன் மனைவி. அதைப் பார்த்துவிட்டு வந்த ரசிகன் இந்த ஜோடி சேரும் என்று நம்பத்தானே செய்வான்? நம்மை ஏமாற்றியது போகட்டும். தனியாய் இருக்கும் ஒரு வயதான பெண் துணை தேடினால் காமெடி, வயதான ஆண் தேடினால் விடுதலை என்று அந்தக் காட்சி சொல்லிவிடுகிறது. இத்தனை நுணுக்கமான படத்தில் இந்த இடம் மட்டும் ஏன் இவ்வளவு மொட்டையாக இருக்கிறது?

லியாங் அம்மா பக்கம் நின்று யாராவது எழுதியிருந்தால் கமெண்டில் போடுங்கள், படிக்கிறேன்.