பெட்டியும் பேப்பரும் மட்டும் போதாது

பெட்டியும் வாரண்டிப் பேப்பரும் இருந்தால் பழைய வாட்ச்சைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்லுது. அது சரிப்படாது அண்ணாச்சி. வெறும் பேப்பரே தனியாக விலைக்கு வருது. பழைய ரோலெக்ஸ் என்றால் செயினைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பியை (ஸ்பிரிங் பார்) எடுத்துச் செயினைக் கழற்றுங்க. செயின் மறைத்திருந்த இடத்தில், 12 மணிப் பக்கம் மாடல் எண், 6 மணிப் பக்கம் சீரியல் எண் இருக்கும். பேப்பரில் ஓட்டை ஓட்டையாகக் குத்திய எண்ணோடு ஒவ்வொரு இலக்கமாகச் சரிபாருங்க. கம்பெனி வெட்டிய அசல் எண் வெளிச்சத்தில் மின்னும். போலியா ஆசிட் போட்டுப் பொறித்தது மணல் மணலாத் தெரியும். செயின் உரசி உரசி எண்ணே தேய்ஞ்சும் இருக்கலாம்.

பாடெக் பிலிப் என்ற சுவிஸ் வாட்ச் கம்பெனி தன் பழைய பதிவேட்டைப் பார்த்து ஆவணச் சான்று கொடுக்கும், ஆனால் டயல் மாற்றியதை அது சொல்லாது.

மேலப்பாளையம், காயல்பட்டினம் வீடுகளில் அந்தக் காலத்தில் வாட்ச் வாங்கிய கொழும்புக் கடை ரசீது கிடந்தால் தயவுசெய்து லாமினேஷன் போட்டுராதீங்க. தாளையும் மையையும் அப்புறம் சோதிக்க முடியாது.