சப்ளையர் போட்ட கோடு கடைசி வார்த்தையா?

நெல்லை, பாளையங்கோட்டைப் பக்கத்துச் சிறு வியாபாரிகளின் வாட்ஸ்அப் குழுக்களில் எச்.எஸ். கோடு (சுங்க வரிக்காக ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் தரப்படும் எண்) பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: "எச்.எஸ். கோடு உலகம் முழுக்க ஒன்றுதான். வெளிநாட்டு சப்ளையர் பில்லில் போட்டதை அப்படியே தூத்துக்குடியில் கொடுங்கள், சுங்கத்துறை கேள்வி கேட்க முடியாது."

பாதி சரி, பாதி ஆபத்து. 1988 முதல் நடைமுறையில் உள்ள இந்த முறையில் முதல் 6 இலக்கங்கள் மட்டுமே நாடுகளுக்குப் பொது. அதற்குப் பிறகு வருவதை ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குப் பிரித்துக்கொள்கிறது. இந்தியாவில் மொத்தம் 8 இலக்கம், அமெரிக்காவில் 10.

நம்ம ஊருக்குப் பழகிய முந்திரியையே எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்காவிலிருந்து ஓட்டோடு வரும் கொட்டை 080131. ஓடு நீக்கிய பருப்பு என்றால் 080132. உடைந்தது, முழுசு என்ற பிரிவு நம் நாட்டுப் பட்டியலில் அதற்கும் கீழே வருகிறது. அதே பருப்பை வறுத்து உப்புப் போட்டால் 8-ஆம் அத்தியாயத்தை (08 என்று தொடங்கும் பிரிவை) விட்டே வெளியேறி 2008-க்குப் போய்விடும். இந்த 2008 வருஷமல்ல, கோடின் முதல் 4 இலக்கமான தலைப்பு எண்! பொருள் வந்திறங்கும் நிலைதான் முக்கியம், பில்லில் எழுதிய பெயர் அல்ல.

அப்புறம் அந்தக் "கேள்வி கேட்க முடியாது". 1962 சுங்கச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி வரியைக் கணக்கிட்டுச் சொல்வது இறக்குமதியாளர் பொறுப்பு. அதிகாரி அதைச் சரிபார்த்து மாற்றலாம். தவறான கோடு என்றால் வரி வித்தியாசம், வட்டி, சில சமயம் அபராதமும் உங்கள் தலையில்தான். சப்ளையர் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். சந்தேகமிருந்தால் சரக்கு ஏறும் முன்பே முன்தீர்ப்புக்கு (எந்தக் கோடு பொருந்தும் என்று முன்கூட்டியே பெறும் அதிகாரபூர்வ முடிவுக்கு) விண்ணப்பிக்க வழியிருக்கிறது.