ஏழு பேர் அனுப்பிய அந்த வீடியோ

மனநோயோடு தெருவில் அலையும் ஒருவரை மின்கம்பத்தில் கட்டிவைக்கும் அந்த வீடியோவை எனக்கு ஏழு பேர் அனுப்பிவிட்டீர்கள். போதும். மின்கம்பம், கயிறு, வேட்டி நழுவ நிற்கும் அந்த மனிதர், பின்னாலிருந்து "ஏல, நல்லா இறுக்கிக் கட்டுல" என்கிற குரல், எல்லாம் பார்த்தாச்சு. "ஊரைக் காப்பாற்றிய தம்பிகள்" என்று கீழே கும்பிடு வேறு. சரி, கயிற்றை அவிழ்த்த பிறகு? அதே ஆள், அதே நோய், கூடுதலாக மணிக்கட்டில் புண். அடுத்த வாரமும் அதே தெருவுக்குத்தான் வருவார். இதற்குப் பெயர் பாதுகாப்பா?

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவு, இப்படி அலைபவரைக் காவல்துறை தன் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்கிறது. லாக்கப்பில் வைக்கக் கூடாது. போலீசைக் கூப்பிடும் நம்பரும் 100, பிரிவும் 100. இதைவிட லேசாக எப்படி ஞாபகம் வைப்பது? ஊருக்குப் பாதுகாப்பு, அவருக்கு வைத்தியம், இரண்டும் ஒரே வேலை என்று சட்டத்துக்கே புரிந்திருக்கிறது.

பெரிய யோக்கியன் மாதிரி பேசுகிறேன் என்பீர்கள். நாங்களும் கட்டினோம். எங்கள் சித்தப்பாவை, திண்ணைத் தூணில். ராத்திரி குறுக்குத்துறை ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருப்பார். பயம், அதைவிட வெட்கம். 2001 ஆகஸ்டில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் எரிந்து, சங்கிலியில் கிடந்தவர்கள் உட்பட 28 பேர் செத்த செய்தி வந்த அன்று ஆச்சி ஒரு வார்த்தையும் பேசாமல் கயிற்றை அறுத்தாள். மறுநாள் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி. மாத்திரைக்குக் காசு வாங்க மாட்டார்கள், வரிசையில் நிற்கும் பொறுமைதான் செலவு. அப்புறம் பதினேழு வருடம் பீடிக் கம்பெனியில் கணக்கு எழுதினார். கணக்கு ஒரு பைசா பிசகாது.

"அவர் எறியும் கல் உன் பிள்ளை மேல் விழுந்தால் தெரியும்" என்பீர்கள். பயம் நியாயம்தான், பிடித்து நிறுத்தியதைக்கூடக் குறை சொல்லவில்லை. ஆனால் நாலு பேர் பிடிக்க, ஒருவர் படம் பிடிக்க, சுற்றி நின்ற மற்றவர்களில் ஒருத்தருக்காவது 108-ஐக் கூப்பிடத் தோன்றவில்லையே? அவர் வீட்டாரிடம் மனநல உதவிக்கு 14416 என்று ஒரு நம்பர் இருப்பதை யாராவது சொன்னீர்களா? 2022 முதல் இருக்கிறது, இலவசம், ராத்திரியிலும் பேசலாம். "போனில் பேசினால் கோட்டி தெளிஞ்சிருமா" என்று சிரிப்பவரோடு எனக்குப் பேச்சில்லை.

அந்த வார்த்தை இருக்கிறதே, கோட்டி, பைத்தியத்துக்கு எங்கள் ஊர்ச் சொல். ஒருமுறை மாத்திரை நின்று சித்தப்பா காணாமல் போனபோது ஒரு போலீஸ் ஸ்டேஷனில் "கோட்டியை எல்லாம் வீட்டுல பூட்டி வைக்கணும்வே" என்று என் அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா சரிங்கய்யா என்று தலையாட்டினார். சொந்தக்காரர்கள் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வரும்போது "அவரைக் கூட்டிட்டு வரவேண்டாம்" என்பதைக் கண்ணாலேயே சொல்வார்கள். இன்றைக்கு வீடியோ அனுப்பிய ஏழு பேரில் இரண்டு பேர் அந்தச் சொந்தக்காரர்கள்தான்.

எட்டாவதாக அனுப்பப் போகிறவர் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள். நடுவில் அந்த மனிதர் தண்ணீர் கேட்கிறார்.