நெஞ்செரிச்சலுக்கு ஊரெல்லாம் வைத்தியர், விசாரிக்க ஒருவரும் இல்லை

சர்க்கரை நோய் என்று சொன்னால் அளவு எவ்வளவு என்று கேட்கிறார்கள். இரத்தக் கொதிப்பு என்றால் எந்த மருத்துவரிடம் காட்டுகிறீர்கள் என்று விசாரிக்கிறார்கள். இரைப்பையில் இருக்க வேண்டிய அமிலம் தொண்டைவரை ஏறி வந்து நள்ளிரவில் இருமலோடும் புளித்த வாயோடும் எழுப்பி உட்கார வைக்கிறது என்று சொன்னால் மட்டும், "கேஸ்தான், ஒரு மாத்திரையைப் போடுங்கள்" என்று முடித்துவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள். பல ஆண்டுகளாக இந்த நோயோடு வாழ்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எரிச்சலைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த அலட்சியத்தைத்தான் தாங்க முடியவில்லை.

இது வாயு அன்று. உணவுக்குழாயும் இரைப்பையும் சேரும் இடத்தில் வளையமாக ஒரு தசை இருக்கிறது. விழுங்கும்போது திறந்து, உணவு இறங்கியதும் இறுக மூடிக்கொள்வது அதன் வேலை. அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் அமிலம் எதுக்களித்து மேலே வருகிறது. இரைப்பையின் உட்சுவரை அமிலம் அரிக்காதபடி சளிப்படலம் காக்கிறது. உணவுக்குழாய்க்கு அத்தகைய காப்பு இல்லை, ஆகவே அது வெந்துபோகிறது. இது அல்சரும் அன்று. ஆனால் நம் ஊரில் மார்புக்கும் தொப்புளுக்கும் இடையில் எது எரிந்தாலும் அதற்கு அல்சர் என்றே பெயர், அதற்குக் காரணம் வேளைக்குச் சாப்பிடாததும் காரமும்தான் என்று தீர்ப்பும் ஆயத்தமாக இருக்கிறது. பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும் வலி மாத்திரைகளுமே. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்காகவே பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு அளித்தார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நோயாளியின் நாக்கையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

எனக்கு மிகுந்த கோபம் மருந்துக்கடையின் மீதுதான். எந்த ஊரின் எந்தத் தெருவில் இருக்கும் மெடிக்கலுக்கும் போய் "கேஸ் மாத்திரை" என்று கேட்டுப் பாருங்கள். எத்தனை நாளாக இருக்கிறது, விழுங்கும்போது சிக்கிக்கொள்கிறதா, எடை குறைகிறதா, மலம் கறுப்பாகப் போகிறதா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு கேள்விகூட இல்லாமல், கத்தரிக்கோலால் அட்டையை வெட்டி ஒரு காகித உறைக்குள் போட்டுத் தந்துவிடுவார்கள். அப்படித் தருவது பெரும்பாலும் அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோலும் குமட்டலை அடக்கும் டோம்பெரிடோனும் சேர்ந்த குளிகை. மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்ற எச்சரிக்கை அட்டையின் பின்புறத்தில் அச்சாகியிருக்கும். வெட்டிய துண்டில் அது பாதிதான் வரும். இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதால் டோம்பெரிடோனைக் குமட்டலுக்கும் வாந்திக்கும் மட்டுமே, அதுவும் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேற்படாமல் தர வேண்டும், நெஞ்செரிச்சலுக்கும் உப்புசத்துக்கும் தரக் கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2014இலேயே அறிவுறுத்தியது. அதை இங்கே மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களை எனக்குத் தெரியும். அமிலத்தைக் குறைக்கத் தந்துவந்த ரானிடிடின் என்னும் மருந்தில் கலந்திருந்த மாசு புற்றுநோய்க்கு வழிவகுக்கலாம் என்ற அச்சத்தால் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெறுமாறு அமெரிக்கா 2020இல் சொன்னது. நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது 2022இல் நீக்கப்பட்டது. இந்தச் செய்திகளையெல்லாம் வாங்குகிறவர் தேடிப் படித்துக்கொண்டிருக்க முடியுமா? விற்கிறவர் அல்லவா சொல்ல வேண்டும்?

சீட்டு எழுதும் மருத்துவர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. காலை முழுதும் வரிசை நிற்கிறது, அவர்களுக்கு நேரமில்லை என்பது புரிகிறது. ஆனால் "சாப்பாட்டுக்கு 30 நிமிடத்துக்கு முன்" என்று தமிழில் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஒமெப்ரசோல், பான்டோபிரசோல் வகை மருந்துகள், இரைப்பைச் சுவரில் அமிலத்தைச் சுரக்கும் நுண்ணிய பம்புகள் இயங்கும்போதுதான் அவற்றை அடைக்கின்றன. அந்தப் பம்புகளை முடுக்கிவிடுவது உணவு. ஆகவே சாப்பிடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மருந்தை விழுங்கினால்தான், உணவு வரும்போது அது இரத்தத்தில் கலந்து காத்திருக்கும். இதை ஒருவரும் சொல்லாததால், காலை இட்லிக்குப் பிறகு மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதையும் விழுங்கிவிட்டு, "எந்த மாத்திரையும் கேட்கவில்லை" என்று மருத்துவரை மாற்றிக்கொண்டே போகும் மக்கள் எத்தனை பேர்! இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின் போன்ற மருந்துகளே அந்த வளையத் தசையைத் தளர்த்தக்கூடும் என்பதால், வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது மரியாதைக்காகக் கேட்கும் கேள்வி அன்று, சிகிச்சையின் முதல் படி.

மாத்திரையை எப்படி நிறுத்துவது என்பதையும் யாரும் சொல்வதில்லை. நெடுநாள் உட்கொண்டுவிட்டுச் சட்டென்று நிறுத்தினால், அடக்கி வைத்திருந்த அமிலம் முன்னைவிட மிகுதியாகச் சுரந்து சில வாரங்கள் எரிக்கும். அதைக் கண்டு நோய் முற்றிவிட்டது என்று பயந்து மறுபடியும் அதே மாத்திரைக்குத் திரும்புகிறார்கள். அளவைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டினால் பலர் விடுபடுவார்கள். இதே மருந்து ஆண்டுக்கணக்கில் உண்மையாகவே தேவைப்படுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு வைட்டமின் பி12, மெக்னீசியம் ஆகியவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்றாவது ஒருவர் சொல்லியிருக்க வேண்டாமா?

வாய்வழியே கேமரா விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி செய்து முடிவு நார்மல் என்று வந்துவிட்டால் அடுத்த அவமானம் தொடங்குகிறது. "ஒன்றும் இல்லை, எல்லாம் டென்ஷன்தான்." இந்த நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு உணவுக்குழாயில் கண்ணுக்குத் தெரியும் புண் இருக்காது என்பது மருத்துவப் பாடநூலில் உள்ள செய்தி. குழாயில் புண் தெரியவில்லை என்பதற்காக எரிச்சல் பொய்யாகிவிடுமா?

வீட்டிலும் விருந்திலும் நடப்பதோ அன்பின் பெயரால் நடப்பது. திருமண வரவேற்பில் இரவு ஒன்பதரைக்குத்தான் பந்தியில் இடம் கிடைக்கும். போதும் என்று இலையின் மேல் கையை வைத்து மறைத்தாலும், "நம்ம வீட்டு விசேஷத்தில் இப்படியா சாப்பிடுவது, தம்பி?" என்று அத்தை இன்னொரு கரண்டி நெய்ச்சோறும் பொரியலும் வைப்பார். கொழுப்பு மிகுந்த உணவு இரைப்பையை விட்டு மெதுவாகத்தான் இறங்கும், படுப்பதற்கும் சாப்பாட்டுக்கும் இடையில் 3 மணி நேரமாவது வேண்டும் என்று அந்த நேரத்தில் யாரிடம் விளக்குவது? மறுத்தால் திமிர், உண்டால் விடியும்வரை உட்கார்ந்தே இருக்க வேண்டும். மறுநாள் காலையில் அதே அத்தை எலுமிச்சைச் சாறு பிழிந்த சோடாவை நீட்டுவார். வெந்த தொண்டையில் புளிப்பை ஊற்றினால் என்ன ஆகும்? பால் குடி என்பார் சித்தப்பா. பால் சற்று நேரம் குளிர்ச்சியாக இருக்கும், பிறகு அதுவே அமிலச் சுரப்பைத் தூண்டும். சீரகத் தண்ணீரோடு எனக்குப் பகையில்லை, இதமாக இருந்தால் குடித்துக்கொள்ளட்டும். ஆனால் எனக்கு உண்மையில் பயன் தந்தவை கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயர்த்தியதும், இடப்பக்கம் சாய்ந்து படுத்ததும், இரவு உணவை ஏழரைக்குள் குறைவாக முடித்ததுமே. இவற்றுக்குக் காசு செலவில்லை, விற்க ஆளும் இல்லை. அதனால்தானோ என்னவோ இவற்றை ஒருவரும் பரிந்துரைப்பதில்லை.

இந்த அலட்சியத்தின் மிகக் கொடிய விளைவை இன்னும் சொல்லவில்லை. நெஞ்சில் அழுத்தமாக வலிக்கிறது, வியர்க்கிறது, வலி தாடைக்கும் இடது தோளுக்கும் பரவுகிறது என்று ஒருவர் துடிக்கும்போது, "வாயுப் பிடிப்பு" என்று சொல்லி முதுகை நீவிவிட்டு, பொங்கும் சோடாப் பொடியைக் கலக்கிக் கொடுத்து, ஏப்பம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. மாரடைப்பில் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கிறது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பே வெறும் வயிற்றுப் பொருமலாகவும் குமட்டலாகவும் தோன்றக்கூடும். எது அமிலம், எது இதயம் என்று ஆண்டுக்கணக்கில் நெஞ்செரிச்சலோடு வாழும் என்னாலேயே படுக்கையில் கிடந்தபடி பிரித்தறிய முடியாது. மருத்துவமனையில் இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் எடுத்துத்தான் அறிய முடியும். அப்படியிருக்க, அடுப்படியில் நின்றுகொண்டு அதைக் கேஸ் என்று முடிவுசெய்யும் உரிமையை யார் யாருக்குக் கொடுத்தது? புதிதாக வந்த நெஞ்சுவலிக்குச் சோடா கலக்கக் கிளம்புகிறவர் அந்தக் கையால் முதலில் 108ஐ அழைக்கட்டும்.