10.6ஆ, 12.2ஆ?

போன மாதம் மகளின் பள்ளியில் ரத்தப் பரிசோதனை முகாம். வீட்டுக்கு வந்தவள் ஒரு சீட்டை நீட்டினாள். ஹீமோகுளோபின் 10.6 (நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் இத்தனை கிராம் என்று கணக்கு), பக்கத்தில் சிவப்பு மையில் ‘ரத்தசோகை’. அம்மா அப்போதே துரட்டியை எடுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போய்விட்டார். மறுநாள் காலை ஆய்வகத்தில் கை நரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். 12.2. பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு எல்லை 12. கீரை பொரியல் ஆவதற்குள் பிள்ளைக்கு ரத்தசோகை போய்விட்டது!

“குத்துனாங்க, ரத்தமே வரலப்பா. விரலைப் பிதுக்கிப் பிதுக்கி எடுத்தாங்க” என்றாள். அங்கேதான் சிக்கல். விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து ரத்தம் நீர்த்துவிடும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாகத் திரளும் சொட்டை எடுக்க வேண்டும் என்பது பாடம். வாசல் வரை பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது சொட்டு திரளட்டும் என்று யார் காத்திருப்பார்கள்? அந்தச் செவிலியரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு பிள்ளையின் இரண்டு எண்களை வைத்து நாட்டைப் பேச முடியாது, சரி. ஆனால் நாட்டின் கணக்கும் இதே விரல் சொட்டில்தான் எடுக்கப்பட்டது. ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்றது. தமிழ்நாட்டில் 53.4. குழந்தைகளுக்கு வருவோம். நான்காவது ஆய்வு (2015-16) ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 58.6 சதவீதம் என்றது. அதையொட்டி, 2016-18இல் நரம்பில் ரத்தம் எடுத்து நடந்த தேசிய ஊட்டச்சத்து ஆய்வில் ஒன்று முதல் நான்கு வயதுக்காரர்களிடம் கிடைத்தது 41தான். வயது வரம்பு கொஞ்சம் வேறு, ஆய்வு நடத்திய விதமும் வேறு. அதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் இடைவெளி சின்னதல்ல.

எல்லைக்கோட்டை ஒட்டித்தான் ஏராளமான பேர் நிற்கிறார்கள். அளவு அரை கிராம் அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ நகர்ந்தால் கோடிக்கணக்கானவர்கள் கோட்டைத் தாண்டிவிடுவார்கள். 2024இல் உலக சுகாதார நிறுவனமும் நரம்பு ரத்தத்தில் அளப்பதே நல்லது என்றுதான் சொன்னது.

ஆறாவது குடும்ப நல ஆய்விலிருந்து ரத்தசோகைப் பரிசோதனையை எடுத்துவிட்டு, ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் தனி ஆய்வுக்கு அதை மாற்றியபோது, ‘கணக்கை மறைக்கிறார்கள்’ என்று நண்பர்கள் பொங்கினார்கள். பாதி நியாயம். பழைய எண்ணோடு புது எண்ணை வைத்துப் பார்க்க வழியில்லாமல் போகிறது. ஆனாலும் மாற்றம் சரி என்றே நினைக்கிறேன். ரத்தத்தோடு தட்டில் என்ன விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிற ஆய்வு அது. சோற்றுக்குப் பின்னாலேயே டீ குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது. பி12 குறைந்தாலும், ஃபோலிக் அமிலம் குறைந்தாலும், குடலில் கொக்கிப்புழு இருந்தாலும் ரத்தசோகை வரும். எது எந்த ஊரில் அதிகம் என்று தெரியாமல் எல்லோர் கையிலும் ஒரே மாத்திரையைத் திணிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் அந்தக் கணக்கு முழுதாக வருவதற்கு முன்பே இரும்பு அரிசிக்குள் வந்துவிட்டது. செறிவூட்டப்பட்ட அரிசி தரப்படும் என்று பிரதமர் அறிவித்தது 2021 சுதந்திர தினத்தில். அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 கலந்து அரிசி வடிவத்திலேயே பிழிந்து, நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ரேஷன் அரிசியில் சேர்ப்பதுதான் திட்டம். ஒரு கிலோவில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு. 2024இல் திட்டத்தை 2028 டிசம்பர் வரை நீட்டித்தார்கள். தேவைப்படுகிறவர்களுக்கு இது உதவலாம், மறுக்கவில்லை. எத்தனை பேருக்குத் தேவை என்பதுதான் என் கேள்வி, அதற்கான எண்தான் விரலைப் பிதுக்கி எடுத்ததாக இருக்கிறது.

அம்மாவுக்கு இதெல்லாம் கிடையாது. முறத்தில் அரிசியைப் பரப்பி, கொஞ்சம் வெளிறித் தெரிகிற மணிகளை ‘பிளாஸ்டிக் அரிசி’ என்று பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். அது பிளாஸ்டிக் இல்லை, சத்து மணி, அதைத்தான் எறிகிறீர்கள் என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். அப்புறம், “சரிப்பா, இதைத் தின்னு யாருக்கு ரத்தம் ஏறிச்சுன்னு எழுதி வச்சிருக்காங்களா?” என்றார்.

நம் ஊர் எண்ணைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தவர்கள் கமெண்டில் போடுங்கள், அம்மாவிடம் காட்ட வேண்டும்.