வட்டி போக எவ்வளவு நிக்குது?

போன மாதம் மட்டும் ஏழு பேர் இன்பாக்ஸில் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "அக்கா, வீட்டுல இருந்தே இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்து மாசம் அம்பதாயிரம் எடுக்கலாமாமே, நீங்க அதைத்தானே செய்யிறீங்க, எப்படிச் சேர்றது?" ஏழில் மூன்று பேர் அதற்குள் யாரிடமோ பணம் கட்டிவிட்டுத்தான் என்னிடம் வருகிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. அதனால் இங்கே கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் இருப்பது கோட்டையூரில். ஒரு பழைய செட்டியார் வீட்டின் இரண்டாம் கட்டில் வாடகைக்கு இருக்கிறோம். பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட, முன்கட்டில் ஆச்சி மட்டும் இருக்கிறார். வயது 84. நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட். 12 வருடம் தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 11,000 ரூபாய். மாமியார் படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டேன். ஆன்லைனில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து மூன்றரை வருடம் ஆகிறது.

செட்டிநாட்டு வீடுகளைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. அந்தச் சுவர்களை வைஃபை தாண்டாது. முகப்பில் வைத்த ரூட்டரின் சிக்னல் வளவுக்கு, அதாவது நடுமுற்றத்துக்கு, வருவதற்குள் செத்துவிடும். வயர் இழுத்தேன். அடுத்தது எதிரொலி. தரையெல்லாம் ஆத்தங்குடிக் கல், கூரை எங்கேயோ இருக்கிறது. பேசினால் கோயில் மண்டபத்தில் பேசுகிற மாதிரி கேட்கும். கடைசியில் ஆச்சியிடம் கேட்டுச் சாமான் அறையில் ஒரு மூலையை வாங்கினேன். ஆச்சியின் கல்யாணத்தில் பரப்பிய பித்தளை அண்டாவும் குடமும் ஒரு பக்கம். இந்தப் பக்கம் சுவரில் இரண்டு கோரைப்பாய், கீழே ஜமுக்காளம். எதிரொலி நின்றது. ஜப்பான் மாணவர் ஒருவர் பின்னால் தொங்கும் பாயைப் பார்த்துவிட்டு, உங்கள் ஊரிலும் தத்தாமி (அவர்கள் ஊர்ப் பாய்) உண்டா என்று கேட்டார்.

அவரைப் பற்றி ஆச்சியிடம் சொன்ன நாள் நினைவிருக்கிறது.

"கம்ப்யூட்டர்ல யாருக்குத்தா பாடம் சொல்ற?"

"ஜப்பான்ல ஒருத்தருக்கு, ஆச்சி."

"ஜப்பான்காரனுக்கா?"

முகம் மாறிவிட்டது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி இரங்கூனில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டபோது ஆச்சியின் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அங்கே வட்டிக்கடை. கணக்குப் புத்தகத்தையும் சாவியையும் மட்டும் எடுத்துக்கொண்டு நடந்தே வந்தவர்களில் அவரும் ஒருவர். ஆச்சி அப்போது கைக்குழந்தை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "சரி, காசு ஒழுங்காக் கொடுக்குறானா?"

கொடுக்கிறார். ஆனால் மாணவரையும் ஆசிரியரையும் சேர்த்துவைக்கும் இணையத் தளம் தன் பங்கை எடுத்துக்கொண்டுதான் கொடுக்கிறது. அந்தக் கணக்கை விளம்பரங்கள் சொல்வதில்லை. ப்ரெப்ளி என்ற தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புது மாணவரும் எடுக்கும் முதல் வகுப்பின் கட்டணம் முழுக்கத் தளத்துக்கே போகும். அதற்குப் பிறகு நூற்றுக்கு 33. நீங்கள் மணிக்கணக்கில் பாடம் நடத்த நடத்தக் குறைந்துகொண்டே வந்து, 400 மணி தாண்டினால் 18. இதில் ஒளிவுமறைவு ஏதும் இல்லை, சேரும்போதே எழுதித்தான் இருக்கிறது. ஐடாக்கியில் 15 எடுக்கிறார்கள். கேம்ப்ளியில் முறையே வேறு, பேசும் நிமிடத்துக்கு ஆசிரியருக்கு 17 சென்ட்.

33 என்றதும் ஆச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நூத்துக்கு முப்பத்து மூணா? எங்க அப்பச்சி பர்மாக்காரன்கிட்டகூட அவ்வளவு வாங்கலையேத்தா!" (பர்மாக்காரர்களைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும். நான் வாயைத் திறக்கவில்லை.)

என் முதல் மாதம் இப்படிப் போனது. காசு இல்லாத முதல் வகுப்புகள் 11. காசு உள்ளவை 14, மணிக்கு 5 டாலர். தளத்தின் பங்கு போக வந்தது 46 டாலர் 90 சென்ட். அன்றைய விலையில் நாலாயிரம் ரூபாய்கூட இல்லை. ஆச்சிக்கு இதில் ஆச்சரியமே இல்லை. வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, கப்பல் ஏறியவன் முதல் கணக்கிலேயே முதலாளி ஆகிவிடுவானா என்று கேட்டார். மூன்று வருடம் கூட்டிப் பெருக்கி, எடுபிடி வேலை பார்த்து, அப்புறம் அடுத்தாள் (உதவியாள்), அதற்கும் அப்புறம்தான் கடையை நடத்தும் ஏஜெண்டு. "அம்பதாயிரம்" என்று எழுதுகிறவர்கள் இந்த மூன்று வருடத்தை விழுங்கிவிடுகிறார்கள்.

எழுதுகிறவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலும் கோர்ஸ் விற்கிறவர்கள்தான். நானும் ஏமாந்தேன். 9,500 ரூபாய் கட்டினேன். 120 மணி நேர டெஃபில் (பிறமொழிக்காரருக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சி) சான்றிதழ், வேலைக்கு உத்தரவாதம் என்றார்கள். 120 மணி நேரம் என்பது பி.டி.எஃப்.களைத் திறந்து கீழே இருக்கும் கேள்விகளுக்கு டிக் அடிப்பது. நான் மூன்று ராத்திரியில் முடித்துவிட்டேன். டெஃபில் சான்றிதழை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம், அதைக் கட்டுப்படுத்த ஒரே பொது அமைப்பு என்று எதுவும் கிடையாது. கேம்பிரிட்ஜ் தரும் செல்டா என்ற ஆசிரியர் சான்றிதழ் அப்படியல்ல. அதில் பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து கவனிக்க, நிஜ மாணவர்களுக்கு நீங்கள் 6 மணி நேரம் பாடம் எடுத்தாக வேண்டும். ஆனால் அதற்கு ஆகும் பணத்தில் எங்கள் பக்கம் ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம். பி.எட். முடித்து நாற்பது பிள்ளைகளை வைத்து மேய்த்தவர்களுக்கு டிக் அடிக்கிற சான்றிதழால் ஒரு பைசா பயன் இல்லை. இதைச் சொன்னால் விற்கிறவர்களுக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

அந்தக் கோர்ஸில் எனக்கு அதைவிட எரிச்சலாக இருந்தது உச்சரிப்புப் பாடம். நாக்கைச் சுழற்று, அமெரிக்கர் மாதிரி பேசு என்றார்கள். இரண்டு மாதம் அப்படியே பேசிப் பார்த்தேன். பதிவைத் திரும்பக் கேட்டபோது எனக்கே சகிக்கவில்லை. போதாததற்கு ஒரு தளம், டெமோ வகுப்பைப் பார்க்காமலே, இந்திய பாஸ்போர்ட் என்றவுடன் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டது. நான்கு நாள் சோறு இறங்கவில்லை.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல வந்ததே இருக்கிறது. நம் கைமுதல் எது என்று நமக்கே தெரிவதில்லை.

ஒரு சவுதி மாணவர். நர்ஸ். வண்டி நிறுத்தும் பார்க்கிங் (parking) என்று சொல்ல வருவார், அது barking ஆகி நாய் குரைக்கும். அரபியில் ஆங்கில p ஒலி கிடையாது, b மட்டும்தான், அதனால் பார்க் என்பது அவர் வாயில் குரைப்பைக் குறிக்கும் சொல்லாகிவிடும். எனக்கு முன்னால் இரண்டு அமெரிக்க ஆசிரியர்களிடம் படித்தவர். "நான் சொல்வதைக் கேட்டுத் திரும்பச் சொல்" என்பதைத் தாண்டி அவர்களால் போக முடியவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. பிறந்ததிலிருந்து வாயில் இருக்கும் ஒலியை எப்படி உண்டாக்குகிறோம் என்று யாருக்குத்தான் தெரியும்? ழ எப்படி வருகிறது என்று நம்மைக் கேட்டால் நாமும் முழிப்போம்.

ஆனால் ப எனக்குத் தெரியும். பஸ்ஸும் பேனாவும் ஒரே எழுத்தில் தொடங்கும் மொழியில் வளர்ந்தவள் நான். எட்டாம் வகுப்பில் எங்கள் டீச்சர் தினசரி காலண்டர் தாளைக் கிழித்து வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். ஆங்கிலப் பேனாவை (pen) சரியாகச் சொன்னால் தாள் ஆட வேண்டும். பஸ்ஸுக்கு ஆடக் கூடாது. தமிழ் ப-வில் அந்தக் காற்று வராது, அதனால்தான் நாம் பின் (pin) என்று சொன்னால் வெள்ளைக்காரர் காதில் குப்பைத்தொட்டி (bin) விழுகிறது. நர்ஸிடம் ஒரு டிஷ்யூ தாளை எடுக்கச் சொன்னேன். அன்றைக்கே தாள் ஆடியது. இரண்டு வாரத்தில் நாய் போய்விட்டது. அந்த அம்மாள் இன்றுவரை என்னிடம்தான் படிக்கிறார்.

ஜப்பான்காரருக்கு வேறு சிக்கல். ஏ (a), தி (the) இரண்டையும் எங்கே போடுவது என்று தெரியாது. அவர் மொழியிலும் அவை இல்லை, நம் மொழியிலும் இல்லை. வினை கடைசியில் வருவதும் நம்மைப் போலவேதான். அவர் தப்பாக ஒரு வாக்கியம் சொன்னால், மனசுக்குள் தமிழில் ஓட்டிப் பார்த்தாலே எங்கே வழுக்கினார் என்று தெரிந்துவிடும். "ஒரு நாய் வந்தது, அந்த நாய் கடித்தது" என்று நம் ஒரு, அந்த இரண்டையும் வைத்துத்தான் தொடங்கினேன். நூற்றுக்கு நூறு பொருந்தாது. ஆனால் உள்ளே நுழைய ஒரு வாசல்.

எம்.ஏ.வில் பரீட்சைக்காக உருப்போட்ட ஒன்று இப்போதுதான் புரிகிறது. காஷ்மீரில் பிறந்த மொழியியலாளர் பிரஜ் கச்ரு 1985இல் ஆங்கிலம் பேசும் உலகை மூன்று வட்டமாகப் பிரித்தார். உள்வட்டத்தில் இங்கிலாந்து, அமெரிக்கா. அடுத்த வட்டத்தில் இந்தியா மாதிரி, அரசாங்கத்திலும் பள்ளிக்கூடத்திலும் ஆங்கிலம் வேரோடிய நாடுகள். அதற்கும் வெளியே ஜப்பான், சவுதி. வெளிவட்டத்துக்காரர் உள்ளே வர, நடுவட்டத்தில் நிற்கிறவளை விட்டால் யாருக்கு வழி தெரியும்? நானும் அதே கல்லில் இடறி விழுந்து எழுந்து வந்தவள்தானே. கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியாரும் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்தவர்தான். அவர் தொடங்கிய கல்லூரியில் படித்துவிட்டு, அமெரிக்கர் மாதிரி நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தேனே என்று நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

அதற்காக நம் இங்கிலீஷ் அப்படியே போதும் என்று சொல்ல மாட்டேன். நெல்லும் பதரும் கலந்துதான் இருக்கிறது. வார விடுமுறைக்குத் திருச்சி போனதை "அவுட் ஆஃப் ஸ்டேஷன்" என்று சொல்லப்போய், ஜப்பான்காரர் எந்த ரயில் நிலையத்துக்கு வெளியே நின்றீர்கள் என்று அக்கறையாக விசாரித்தார். வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன சொல், அவன் நாட்டில் செத்துவிட்டது, நம்மிடம் உயிரோடு இருக்கிறது. மாணவரிடம் அதை விளக்கிச் சொல்லலாம். தெரியாமல் கற்றுக்கொடுக்கக் கூடாது.

"வீட்டிலிருந்தபடியே" என்ற சொல்லுக்கு வருகிறேன். அதைப் படிக்கிறவர்கள் ஏதோ அடுப்பில் குழம்பு கொதிக்கும்போதே சம்பாதிக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் இரவு 8 மணி என்றால் இங்கே மாலை 4:30. ஆபீஸ் விட்டு வந்து அவர்கள் படிக்கும் நேரம் அது. பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும் நேரமும் அதுதான். சவுதியில் இரவு 8 என்றால் இங்கே 10:30. நடுவில் சமையல், மாமியாருக்கு மருந்து, மறுநாள் மாவு. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால் நான் வேலையில் இருக்கிறேன் என்பதை வீட்டில் உள்ளவர்கள் ஒப்புக்கொள்ள ஒரு வருடம் ஆனது. "சும்மா பேசிக்கிட்டுத்தானே இருக்க" என்றார் என் கணவர். இப்போது சொல்வதில்லை. காரணம் கீழே இருக்கிறது.

பணம் வாங்குவதில் பெரிய சூட்சுமம் ஏதும் இல்லை. பேபால், பயோனியர், வைஸ் ஏதாவது ஒன்று வழியாக வங்கிக்கு வரும், எதற்காக வந்த பணம் என்று கேட்பார்கள், சொல்ல வேண்டும், வருமான வரிக் கணக்கில் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஒரே தளத்தை நம்பி இருக்காதீர்கள். 2021 ஜூலையில் சீன அரசு, வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியர்களை வைத்துச் சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது. அதை மட்டுமே நம்பியிருந்த அமெரிக்க ஆசிரியர்கள் ஏராளமானோருக்கு ஒரே வீச்சில் வேலை போனது. நான் நுழைந்தபோது அவர்களோடும்தான் போட்டி. ஆச்சியிடம் இதைச் சொன்னேன். "எங்களுக்கும் அப்படித்தான். குண்டு போட்டதுல கடை போச்சு. மிச்சம் நெல்லு வயக்காடு. அதையும் சொதந்தரம் வந்ததும் பர்மாக்காரன் சட்டம் போட்டு எடுத்துக்கிட்டான்" என்றார். 1948இன் நில நாட்டுடைமைச் சட்டத்தைச் சொல்கிறார். இப்போது நான் இரண்டு தளங்களில் இருக்கிறேன். உள்ளூரில், செவ்வாயும் வெள்ளியும், பாலிடெக்னிக் பிள்ளைகள் ஐந்து பேர் திண்ணையில்.

ஆச்சி என்னை நோட்டுப் போட வைத்தார். வரவு ஒரு பக்கம், பற்று ஒரு பக்கம், காசு வராத மணிகளும் அதிலேயே. போன மாதப் பக்கத்தை, திண்ணைக் கணக்கை விட்டுவிட்டு, அப்படியே தருகிறேன்.

காசு வந்த வகுப்பு 78. சராசரி 6 டாலர் வீதம் 468. தளங்களுக்கு, கூட்டிக் கழித்து, நூற்றுக்கு 18 போனது போக 384. டாலர் 85 என்று வைத்து 32,600 சொச்சம். பணம் மாற்றியதில் போனது 900. நெட்டுக்கும், கரண்ட் போனால் ஓட்ட மொபைல் டேட்டாவுக்கும் 1,150. கையில் நின்றது 30,500 சொச்சம்.

காசு வராத நேரம், அதாவது பாடம் தயாரித்தது, பதில் எழுதியது, வராத மாணவருக்காகக் காத்திருந்தது எல்லாம் சேர்த்து 41 மணி. வகுப்பு நடந்த 78 மணியோடு மொத்தம் 119 மணி. மணிக்குச் சுமார் 256 ரூபாய். பள்ளிக்கூடத்தில் மாதம் 200 மணிக்கு மேல் நின்று வாங்கிய 11,000 மணிக்கு 55கூட வராது.

மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை 9 முதல் 5 வரை கரண்ட் இல்லாத நாள் ஒன்று. இன்வெர்ட்டர் மூன்றரைக்கே படுத்துவிட்டது. 4:30 ஜப்பான் வகுப்பு போச்சு. அதையும் பற்றுப் பக்கத்தில் எழுதச் சொன்னார் ஆச்சி. எழுதியிருக்கிறேன்.