மீட்ட பிறகு என்ன ஆனது என்பதையும் எழுதுங்கள்

குழந்தைத் தொழிலாளர் முறையை ஒழிப்பதில் பத்திரிகைகளுக்குப் பெரிய பங்கு இருக்கிறது என்று உங்கள் பத்திரிகையில் எழுதியிருக்கிறீர்கள், சரிதான். ஆனால் எங்கள் பென்னாகரம் பக்கம், சூளையிலோ ஆட்டுப்பட்டியிலோ பிள்ளைகளை மீட்டால் மறுநாள் செய்தி வரும், அதோடு சரி. அந்தப் பையன் திரும்பப் பள்ளிக்கூடம் போனானா, வேலைக்கு வைத்தவருக்குத் தண்டனை கிடைத்ததா என்று யாரும் வந்து கேட்பதில்லை.

எங்கள் தெருப் பெண் ஒருத்தி, ஒன்பதாவது முடித்ததும் திருப்பூர் பக்கம் ஒரு நூற்பாலைக்குப் போனாள். மூன்று வருஷம் இருந்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, அவள் அம்மா கையில் ஐயாயிரம் கொடுத்துத் தரகர் கூட்டிப்போனார். ஒன்றரை வருஷத்தில் இருமலோடு திரும்பி வந்தாள், பணம் வரவேயில்லை. இப்போதும் திண்ணையில் இருமிக்கொண்டேதான் பூக் கட்டுகிறாள். இப்படிக் கல்யாணப் பணம் தருவதாகச் சொல்லிப் பெண்களை ஆலைக்குச் சேர்க்கும் சுமங்கலித் திட்டம் பற்றிச் செய்திகள் வந்த பிறகுதான் எங்களுக்கே விஷயம் புரிந்தது, அதை மறுக்க மாட்டேன்.

அப்புறம், மீட்ட பிள்ளைகளின் முகத்தையும் பெயரையும் தயவுசெய்து போடாதீர்கள். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது, ஆறு மாதம் வரை சிறை உண்டு. அந்த இடத்தில் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிதாகப் போடுங்கள், எங்கள் ஊர் டீக்கடையில் பேப்பர் படிக்கிறவர்கள் கண்ணில் படட்டும்.